அத்தான் பக்கிக்கு ஒரு சிடி

அத்தானுடைய பக்கியில் பாட்டுக் கேட்க ஒரே வழி சிடிதான். புளூடூத் கிடையாது, ஃபோனைச் செருக ஓட்டையும் கிடையாது. பின்னால் தொட்டி வைத்த சின்ன சரக்கு வண்டியை இந்த ஊரில் பக்கி என்பார்கள். வேறு பேர் சொன்னால் திருப்பிக் கேட்பார்கள். அலுமினியச் சன்னல் சட்டங்களை அதில் ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு தடவை டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போய்வருகிறார். ஒரு வழிக்கே 570 கிலோமீட்டர் பக்கம். வண்டிக்குள் இருப்பது மொத்தம் நான்கு சிடி. டீப் பர்ப்பிள் ஒன்று, யூரியா ஹீப் ஒன்று, ஆரம்பகால பிளாக் சபாத் ஒன்று (மூன்றும் பழைய பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழுக்கள்), அக்கா வைத்த முருகன் பாட்டு ஒன்று. கிளம்பும்போது முருகன், பைன்டவுன் தாண்டியதும் பர்ப்பிள். பல வருடத்து வழக்கம் இது.

அடுத்த மாதம் அவருக்கு 64 முடிகிறது. ஐந்தாவது சிடியை நான் வாங்கித் தருவதாக ஏற்பாடு. அது டூம் மெட்டலாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். வண்டி ஓட்டுகிறவரைத் தூங்கவைக்கக் கூடாது என்பது அக்காவின் நிபந்தனை. அக்கா சொன்னதில் தப்பில்லை. டூம் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளாக் சபாத்தின் கிடார்காரர் டோனி அயோமி, பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை செய்தபோது வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர்; அதனால் தந்தியை அழுத்தும் கையே போனது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து போட்டுக்கொண்டார், மெல்லிய தந்திகளைக் கட்டினார், பிறகு 1971 வாக்கில் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். கூடவே சத்தம் கனத்துப்போகும். அந்தக் கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகத்தை இன்னும் பாதியாகக் குறைத்து, பின்னால் வந்தவர்கள் கட்டியதுதான் டூம். தவில்காரர் முதல் காலத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் காலத்துக்குப் போகவே மாட்டேன் என்று அடம் பிடிப்பதுபோல இருக்கும்.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் இந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு திருப்பம் நடந்தது. சில டூம் குழுக்கள் கனத்தைக் கீழே வைக்காமல் ஆடத் தொடங்கின. பழைய ஹார்ட் ராக்கின் துள்ளல் உள்ளே வந்தது. க்ரூவ் என்று சொல்வார்களே, அதைத்தான் ஆட்டம் என்கிறேன். எனக்குத் தேவையான சிடி அங்கேதான் கிடக்கிறது. பொறுக்கி எடுத்தது மூன்று: ட்ரபிள் குழுவின் ‘மேனிக் ஃப்ரஸ்ட்ரேஷன்’ (1992), கத்தீட்ரல் குழுவின் ‘தி எதீரியல் மிரர்’ (1993), அதே கத்தீட்ரலின் ‘தி கார்னிவல் பிஸார்’ (1995).

ஏன் மூன்றையும் வாங்கித் தரக்கூடாது என்று கேட்கலாம். மூன்றும் கடல் தாண்டி வரவேண்டும். போன முறை ஒரு பார்சலுக்குக் கட்டிய கூரியர் காசும் வரியும் சேர்ந்து சிடி விலையையே முந்திவிட்டது. அதுவும் ஏழு வாரம் எங்கேயோ தூங்கிவிட்டு, மூடி உடைந்துதான் கைக்கு வந்தது. அதனால் ஒன்றே ஒன்று.

அத்தானைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தீர்ப்பு அவர் காதில்தான் இருக்கிறது. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். பதினேழு வயதிலிருந்து கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தவர். முகூர்த்தம் முடிந்ததும் தமிழ் சினிமாப் பாட்டு, பெரியவர்கள் சாப்பிடப் போனதும் டீப் பர்ப்பிள், அதே மேடை, அதே செட். டர்பனுக்கென்றே ஒரு கனத்த ராக் குழு அந்தக் காலத்தில் இருந்தது, ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் என்று. அவர்களின் ‘ஆஸ்ட்ரா’ 1970ல் வந்தது. அந்த ரெக்கார்டு தன் அண்ணனிடம் இருந்ததாகவும், யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பவே இல்லை என்றும் இப்போதும் சொல்லிக் குமுறுவார். எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் முதலில் கேட்பது டிரம்ஸைத்தான். பாடுகிறவர் யார் என்பதெல்லாம் மூன்றாவது பாட்டில்தான் ஞாபகம் வரும். அதனால் நானும் டிரம்ஸை வைத்தே மூன்றையும் எடை போட்டேன்.

முதலில், பட்டியலில் சேராத ஒன்று. கத்தீட்ரலின் முதல் ஆல்பம் ‘ஃபாரஸ்ட் ஆஃப் ஈக்விலிப்ரியம்’, 1991. நேபாம் டெத் என்ற, நொடிக்கணக்கில் பாட்டை முடிக்கும் அதிவேகக் குழுவில் கத்திக்கொண்டிருந்த லீ டோரியன், அங்கிருந்து விலகி கோவென்ட்ரியில் தொடங்கிய குழு கத்தீட்ரல். அங்கே இருந்த வேகத்துக்கெல்லாம் பழி வாங்குவதுபோல இங்கே ஊர்ந்தார்கள். எனக்கு உயிர் அது. ஆனால் அதை இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஒருவருக்குக் கொடுப்பது பாவம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம்.

அந்த ஆல்பத்திலேயே ‘சோல் சாக்ரிஃபைஸ்’ என்று ஒரு பாட்டு மட்டும் கொஞ்சம் எழுந்து நடக்கும். அடுத்த வருடம் அதை மறுபடி பதிவு செய்து ஒரு குட்டி வெளியீடாகப் போட்டார்கள். நடந்த கால் ஓடிப்பார்த்தது அங்கேதான். அடுத்து வந்தது ‘தி எதீரியல் மிரர்’.

சரி, ட்ரபிள். சிகாகோக்காரர்கள், 1979லேயே தொடங்கியவர்கள். 1980களில் அவர்கள் போட்ட முதல் இரண்டு ஆல்பங்களை அமெரிக்க டூமுக்கு அஸ்திவாரம் என்றே சொல்லலாம். பாட்டில் பைபிள் வாசனை இருந்ததால் ‘வைட் மெட்டல்’ என்று ஒரு முத்திரை குத்தி விற்றார்கள். 1990ல் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவர்களைத் தன் டெஃப் அமெரிக்கன் நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு, அந்த வருடம் வந்த ஆல்பத்தையும் அடுத்து வந்த ‘மேனிக் ஃப்ரஸ்ட்ரேஷ’னையும் தானே தயாரித்தார். ரூபினின் கை என்னவென்றால், இருப்பதைக் குறைப்பது. எதிரொலி, அலங்காரம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, டிரம்ஸும் கிடாரும் எதிரே உட்கார்ந்து வாசிப்பதுபோல வைத்துவிடுவார். ரிக் வார்டெல், ப்ரூஸ் ஃப்ராங்க்ளின் என்று இரண்டு கிடார். இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும். எரிக் வாக்னரின் குரல் உச்சிக்குப் போய்க் கீறும், ஆனால் ராகம் தவறாது. 2021ல் கோவிட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

மூன்றில் ஹார்ட் ராக்குக்கு மிகப் பக்கம் இதுதான், சந்தேகமே இல்லை. நீளமும் இதற்குத்தான் குறைவு. ‘கம் டச் த ஸ்கை’ என்ற முதல் பாட்டே கதவை உதைத்துத் திறக்கும். நடுவில் ‘மெமரிஸ் கார்டன்’ வந்து கொஞ்சம் நெஞ்சைப் பிசையும். டூம் எங்கே என்று தேடினால், கிடாரின் அடி மண்ணில் இருக்கும். மேலே முளைத்திருப்பது வேறு செடி. குறை என்று சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே வண்டியில் இருக்கும் நான்கில் மூன்று சிடிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. பிரியாணி பிடிக்கும் என்கிறவருக்கு இன்னொரு கடைப் பிரியாணி வாங்கிக் கொடுத்த மாதிரி. சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான்.

‘தி கார்னிவல் பிஸா’ரில் கத்தீட்ரல் முழுசாக விளையாட்டில் இறங்கிவிட்டது. குழுவில் ஆளும் மாறியிருந்தார்கள்: பேஸுக்கு லியோ ஸ்மீ, டிரம்ஸுக்கு பிரையன் டிக்ஸன். ‘வாம்பயர் சன்’ தொடங்கும் அந்த மிதப்பைக் கேட்டால், பெல் பாட்டம் போட்டு ஒருவர் தெருவில் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும். ‘ஹாப்கின்ஸ்’ பாட்டு, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பிடித்துத் தூக்கில் போடவைத்த மேத்யூ ஹாப்கின்ஸைப் பற்றியது. இவ்வளவு கோரமான விஷயத்துக்கு இவ்வளவு குதியாட்டமா என்று முதல் தடவை கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ‘யுடோப்பியன் ப்ளாஸ்டர்’ பாட்டில் அயோமியே வந்து கிடார் வாசித்திருக்கிறார். சீடப் பிள்ளைகளின் கச்சேரியில் குருநாதர் மேடையேறின மாதிரி. எனக்கு வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் இது எனக்கு அல்ல. அயோமி பேரை எடுத்ததும் அத்தான் இன்னொரு கதைக்குப் போய்விடுவார். 1987ல் பிளாக் சபாத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சன் சிட்டியில் வாசித்தது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக உலகக் கலைஞர்கள் இந்த நாட்டைப் புறக்கணித்துக்கொண்டிருந்த காலம். சன் சிட்டி, போபுதட்ஸ்வானா என்று அரசு வெட்டி ஒதுக்கிய ‘தாயகம்’ ஒன்றுக்குள் கட்டிய சூதாட்ட மாளிகை. அதற்கு மூன்று வருடம் முன்பு குயீன் குழுவும் வந்துபோயிருந்தது. அத்தானுக்கு அப்போது இருபத்தைந்து வயது, கையில் காசும் இருந்தது, கூப்பிட ஆளும் இருந்தது. போகவில்லை. அதற்குப் பிறகு சபாத் பேரில் எது வந்தாலும் வாங்கவும் இல்லை. வண்டியில் இருக்கிற சபாத் சிடி அதற்கு வெகுகாலம் முந்தையது, அதனால் அதற்கு மன்னிப்பு உண்டு. “கை நல்ல கைதான் தம்பி, கால்தான் தப்பான எடத்துக்குப் போச்சு” என்பார். பிறந்தநாள் அன்று அந்த விவாதத்தைக் கிளப்ப வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ஒரு மணி நேர ஆல்பத்தில் பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது என்பது இன்னொன்று.

மிச்சம் ‘தி எதீரியல் மிரர்’. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இதில் டிரம்ஸ் மார்க் வார்ட்டன். கிடார்காரர்கள் கேஸ் ஜென்னிங்ஸும் ஆடம் லீஹனும் முன்பு ஆசிட் ரெய்ன் என்ற வேகக் குழுவில் இருந்தவர்கள். வார்ட்டனும் அங்கிருந்தே வந்தவர். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்போல ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். குழுவில் நிரந்தர பேஸ் ஆள் அப்போது இல்லை. கிடார்ப் பக்கமே அதையும் பார்த்துக்கொண்டது. அதனால் கிடாரும் பேஸும் ஒரே வாயால் பேசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். எதிரே டிரம்ஸ் மட்டும் தனி ஆளாக நின்று, எந்த இடத்தில் அடிக்காமல் விடலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆட்டம் என்பது வேகத்தில் இருக்கிறது என்று நினைத்தால் இந்த ஆல்பம் புரியாது. அடிக்காமல் விடுகிற இடத்தில்தான் இருக்கிறது. ‘மிட்நைட் மவுண்டன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிடார் கனத்தில் ஒரு குறையும் இல்லை, பாறாங்கல்தான். அதன் கீழே டிஸ்கோவில் போடுகிற மாதிரி ஒரு நேர் தாளம், மேலே கைதட்டல். ஆமாம், கைதட்டல்; டூம் மெட்டலில். இரண்டு வருடம் முன்பு சாவு வீட்டில் நின்ற அதே ஆட்கள். கல் உருளுகிறது, கல்லாகவே இருந்துகொண்டு உருளுகிறது. ட்ரபிள் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். ட்ரபிள் டூமைக் கரைத்து ராக்கில் ஊற்றியது. கத்தீட்ரல் கரைக்கவில்லை, அதன் காலில் சலங்கை கட்டிவிட்டது.

‘ரைட்’ அதைவிட எளிமையானது, நெடுஞ்சாலைக்கென்றே செய்தது. ஆனால் ‘என்டர் த வர்ம்ஸ்’ வந்ததும் பழைய பூதம் எட்டிப்பார்க்கும். கடைசிக்கு முந்தின ‘ஃபாண்டஸ்மகோரியா’ எட்டு நிமிடத்துக்கு மேல் நின்று நிதானமாக நசுக்கிவிட்டுத்தான் போகும். அக்காவின் நிபந்தனைக்கு ஆபத்து அங்கேதான் இருந்தது.

இன்னொரு ஆபத்து குரல். லீ டோரியனுக்குப் பாடத் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் பெரிதாக மறுக்க மாட்டேன். ஏலம் விடுகிறவர் கரகரத்த தொண்டையோடு கூவுகிற மாதிரி இருக்கும். நடுநடுவே “ஓ யே” என்று ஒரு உற்சாகம் வேறு. வாக்னர் குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் நிற்காது. நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் 2004ல் ‘ப்ரோபாட்’ என்ற ஆல்பத்தில் தனக்குப் பிடித்த மெட்டல் பாடகர்களையெல்லாம் ஆளுக்கொரு பாட்டுப் பாடவைத்தார். அதில் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். வித்தியாசம் வேண்டுமென்றால் அங்கே ஒரே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு எழுதினாலும், போட்டுக் காட்டாமல் வாங்கக்கூடாது. போன ஞாயிறு ஹாரிஸ்மித்தில் ஒரு வீட்டுச் சன்னல்களுக்கு அளவெடுக்கப் போகவேண்டும் என்றார். பக்கியில் வேண்டாம் அத்தான், என் காரில் போகலாம் என்றேன். என் காரில் ஃபோன் வேலை செய்யும். என்ன திட்டம் என்று சொல்லவில்லை.

கிளம்பியதும் ‘மேனிக் ஃப்ரஸ்ட்ரேஷன்’. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வருவதற்குள் முடிந்துவிட்டது. அத்தான் வழியெல்லாம் தலையாட்டினார், இரண்டு இடத்தில் “நல்ல பையன்” என்றார், டிரம்ஸ்காரரைத்தான். முடிந்ததும், “இது எழுபத்தி ரெண்டுல வந்ததா?” என்று கேட்டார். தொண்ணூற்றிரண்டு என்றேன். “அப்படியா, நான் அப்பவே கேட்ட மாதிரி இருக்கு” என்றார். பாராட்டுதான் அது. எனக்கு ஒன்றுவிட்ட தம்பி ஞாபகம் வந்தது.

டவுன் ஹில் ஏற்றத்தில் ‘தி கார்னிவல் பிஸார்’. மேலே பனிமூட்டம், மூயி ரிவர் சுங்கச்சாவடி வரைக்கும் விளக்குப் போட்டுத்தான் ஓட்டினேன். ‘வாம்பயர் சன்’ அவருக்குப் பிடித்துவிட்டது, விரல் முட்டியில் தட்டிக்கொண்டே வந்தது. ‘யுடோப்பியன் ப்ளாஸ்டர்’ வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. கிடார் சோலோ பாதியில் அவர் என் பக்கம் திரும்பி, “இது அந்த ஆளு கையில்ல?” என்றார். ஐம்பது வருடத்துக் காது. ஆமாம் என்றேன். சிரித்தார். ஆனால் அடுத்த அரைமணி நேரம் பேச்சு முழுக்க 1987தான். பாட்டு பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்ட்கோர்ட் தாண்டி ‘தி எதீரியல் மிரர்’. லீ டோரியன் வாயைத் திறந்ததும் அத்தான் முகம் போன போக்கைப் பார்த்து, சரி போயிற்று என்று நினைத்தேன். “இவருக்குத் தொண்டை சரியில்லையா?” ‘மிட்நைட் மவுண்டன்’ வந்தது. கைதட்டல் தொடங்கியதும் முதலில் சும்மாதான் இருந்தார். இரண்டாவது சுற்றில் டாஷ்போர்டில் விரல் விழுந்தது. மூன்றாவது சுற்றில் கைதட்டல் வராத இடமாகப் பார்த்து அவர் தட்டினார், அந்த இடைவெளிகளில் மட்டும், சாட்ஸ்வொர்த் கல்யாண மேடையில் எப்படித் தட்டியிருப்பாரோ அப்படி. பாட்டு முடிந்ததும், “மறுபடி போடு” என்றார். அன்று முழுக்க அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு பாட்டுக்குத்தான்.

வான் ரீனன் கணவாயில் வழக்கம்போல லாரி வரிசை. நிலக்கரி லாரிகளும் பெட்டி லாரிகளும் நான்கு விளக்கையும் மின்னவிட்டுக்கொண்டு முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தன. முந்த வழியில்லை. அப்போது பார்த்து ‘ஃபாண்டஸ்மகோரியா’. அக்கா பயந்த இடம். அத்தான் பேசவில்லை, தூங்கிவிட்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முன்னால் போன லாரியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு வாசிச்சது இந்தப் பாட்டு” என்றார் மெதுவாக. “இந்த ஏத்தத்துல எத்தனை ராத்திரி இப்படிப் போயிருக்கேன். பர்ப்பிள் போட்டா கால் ஆக்ஸிலேட்டரை அமுக்கும், லாரி நகராது, கோவம்தான் வரும்.” மேட்டின் உச்சி வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

திரும்பி வந்த இரவே ‘தி எதீரியல் மிரர்’ சிடிக்குப் பணம் கட்டிவிட்டேன். ரெக்கார்டாக வாங்கினால் அட்டை பெரிதாக, அழகாக இருக்கும். ஆனால் பக்கியில் அதை வைத்து விசிறிக்கொள்ளத்தான் முடியும். டேவ் பேட்செட் வரைந்த அட்டை அது, விநோத உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஓவியம். முருகன் சிடிக்குப் பக்கத்தில்தான் அது உட்கார வேண்டியிருக்கும். அக்காவுக்கு இன்னும் காட்டவில்லை.